கணினிப் பாதுகாப்பு: ஊகத்திலிருந்து புள்ளிவிவரத்துக்கு

2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் தேதி வெள்ளிக்கிழமை, இங்கிலாந்தின் பல மருத்துவமனைகளில் கணினித் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கின. கோப்புகளைப் பூட்டிவிட்டு, அவற்றைத் திறப்பதற்குப் பணம் கேட்கும் 'வன்னாகிரை' என்ற மென்பொருள் உலகின் பல நாடுகளில் ஒரே நாளில் பரவியதன் விளைவு அது. அறுவைச் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. அவசர சிகிச்சைக்கு வந்த நோயாளிகள் வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இத்தாக்குதல் பற்றி பிரிட்டனின் தேசிய தணிக்கை அலுவலகம் அதே ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையின்படி, இங்கிலாந்தில் உள்ள 236 மருத்துவ சேவை அறக்கட்டளைகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. ஆனால் அறிக்கையின் மிக முக்கியமான செய்தி இந்த எண்ணிக்கை அல்ல. வன்னாகிரை பயன்படுத்திய ஓட்டையை அடைப்பதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் மாதத்தில் வெளியிட்டிருந்தது. அதை உடனே நிறுவுமாறு மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கையும் அனுப்பப்பட்டிருந்தது. அந்த எச்சரிக்கையின்படி எத்தனை மருத்துவமனைகள் நடந்துகொண்டன என்பதை அறிய சுகாதாரத் துறையிடம் முறையான ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. தாக்குதலுக்கு முன்னர் 88 அறக்கட்டளைகளில் நேரடியாகப் பாதுகாப்பு மதிப்பீடு செய்யப்பட்டிருந்தது. அவற்றில் ஒன்றுகூடத் தேறியிருக்கவில்லை.

அதாவது, அறிவுரைக்குக் குறைவில்லை, அளவீடுதான் இல்லை. கணினிப் பாதுகாப்புத் துறையில் கடந்த கால் நூற்றாண்டாக நடந்துவரும் ஒரு விவாதத்தின் மையம் இதுவே. எதைப் பாதுகாப்பது, எதற்கு எவ்வளவு செலவிடுவது, எந்த அபாயத்தை ஏற்றுக்கொள்வது போன்ற முடிவுகள் அச்சத்தையும் அனுபவசாலிகளின் ஊகத்தையும் விற்பனையாளர்களின் வாக்குறுதிகளையும் நம்பி எடுக்கப்படுகின்றன என்றும், அவற்றைப் புள்ளிவிவர அடிப்படைக்கு மாற்ற வேண்டும் என்றும் ஒரு பிரிவினர் வாதிட்டு வருகின்றனர்.

மறைக்கப்பட்ட தரவுகள்

விமானம் ஒன்று விழுந்தால் அதற்கான காரணம் விசாரிக்கப்பட்டு, முடிவுகள் வெளியிடப்படுகின்றன. புதிய மருந்து ஒன்று சந்தைக்கு வருமுன், அதை உட்கொண்டவர்களும் உட்கொள்ளாதவர்களும் ஒப்பிடப்படுகின்றனர். இவ்விரு துறைகளும் பாதுகாப்பில் அடைந்த முன்னேற்றத்துக்குப் பின்னால், தோல்விகளை எண்ணிப் பதிவுசெய்யும் பழக்கம் இருக்கிறது.

கணினிப் பாதுகாப்பில் நிலைமை நேர்மாறாக இருந்தது. ஊடுருவலுக்கு உள்ளான நிறுவனம் அதை வெளியில் சொல்வதால் பெயர் கெடும், பங்கு விலை விழும், வழக்குகள் வரும் என்று அஞ்சியது. ஆகவே ஒரு நிறுவனத்தின் தோல்வியிலிருந்து இன்னொன்று பாடம் கற்க வழியில்லாமல் போயிற்று.

இதில் முதல் பெரிய உடைப்பை ஏற்படுத்தியது அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம். வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட விவரங்கள் களவுபோனால் அதை அவர்களுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற சட்டம் அங்கு 2003ஆம் ஆண்டு ஜூலை முதலாம் தேதி நடைமுறைக்கு வந்தது. பின்னர் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை இயற்றின. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதத்தில் அமலான தரவுப் பாதுகாப்பு விதிகள், மீறலை அறிந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. சிங்கப்பூரில் 2021 பிப்ரவரி முதல் இக்கடமை சட்டமாக உள்ளது. இந்தியாவில் கணினி அவசர நடவடிக்கைக் குழு 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு, சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் எனக் கோருகிறது.

வாடிக்கையாளர்களை எச்சரிப்பதே இச்சட்டங்களின் நோக்கம். ஆனால் எதிர்பாராத ஒரு பயனும் கிட்டியது. எத்தனை சம்பவங்கள், எப்படிப்பட்டவை, எவ்வாறு நிகழ்ந்தன என்ற விவரங்கள் முதன்முறையாகப் பொதுவெளியில் சேர்ந்தன. அந்தச் சட்டங்கள் பயன் தந்தனவா என்பதையே அத்தரவுகளைக் கொண்டு ஆராயவும் முடிந்தது. சசா ரொமனோஸ்கி உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 2011ல் வெளியிட்ட ஆய்வு, இச்சட்டங்கள் அடையாளத் திருட்டைச் சராசரியாக 6.1 சதவீதம் குறைத்ததாக மதிப்பிட்டது. ஆதரவாளர்கள் எதிர்பார்த்த அளவுக்கு இது பெரிதல்ல. எதிர்ப்பாளர்கள் கூறியதுபோல் பூஜ்ஜியமும் அல்ல.

2008ஆம் ஆண்டு முதல் வெரைசன் நிறுவனம் வெளியிட்டுவரும் ஆண்டறிக்கையும் இதே திசையில் ஒரு மைல்கல் எனலாம். அதன் முதல் அறிக்கை, நான்கு ஆண்டுகளில் நேரடியாக விசாரிக்கப்பட்ட 500க்கும் அதிகமான சம்பவங்களை அடிப்படையாகக் கொண்டிருந்தது.

எண்களும் ஏமாற்றும்

எண்கள் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. அவை எவ்வாறு திரட்டப்பட்டன என்பதையும் பார்க்க வேண்டும். இணையக் குற்றங்களால் ஏற்படும் இழப்பு பற்றிய மதிப்பீடுகள் இதற்குச் சரியான உதாரணம்.

2009ஆம் ஆண்டில், உலகெங்கும் நிறுவனங்கள் இழந்த அறிவுச் சொத்தின் மதிப்பு ஒரு லட்சம் கோடி டாலர் என்ற மதிப்பீடு ஒரு பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பெயரில் பரவியது. அமெரிக்க அதிபர் உரையிலும் அது இடம்பெற்றது. 2011ல் பிரிட்டிஷ் அமைச்சரவை அலுவலகமும் ஒரு தனியார் நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, பிரிட்டனின் இழப்பு ஆண்டுக்கு 2,700 கோடி பவுண்டு என்றது. இரண்டு கணக்குகளும் நிபுணர்களின் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளாயின.

இப்படிப்பட்ட எண்கள் எவ்வாறு பிறக்கின்றன என்பதை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களான டினெய் ஃப்ளொரென்சியோ, கோர்மக் ஹெர்லி ஆகியோர் 2011ல் எளிய கணக்கு ஒன்றின் மூலம் விளக்கினர். 20 கோடி மக்கள் உள்ள ஒரு நாட்டில் ஆயிரம் பேரிடம் கருத்துக்கணிப்பு நடத்தப்படுகிறது. ஒவ்வொருவரும் இரண்டு லட்சம் பேரின் பிரதிநிதி. அந்த ஆயிரம் பேரில் ஒரே ஒருவர் தமக்கு 50 ஆயிரம் டாலர் இழப்பு என்று கூறினால், மொத்த நாட்டின் இழப்பு ஆயிரம் கோடி டாலர் என்று கணக்கு வந்துவிடும். அவர் கூறியது பிழையாகவோ மிகையாகவோ இருந்தால் அதைச் சமன்செய்ய வழியில்லை. ஏனெனில் இழப்பைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே குறைத்துச் சொல்ல எவராலும் முடியாது. பிழைகள் ஒரே திசையில்தான் சேரும்.

பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்தின் வேண்டுகோளின் பேரில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சன் தலைமையிலான குழு 2012ல் மாற்று மதிப்பீடு ஒன்றை வெளியிட்டது. குற்றவாளிகள் ஈட்டிய தொகை, பாதிக்கப்பட்டோரின் நேரடி இழப்பு, தற்காப்புச் செலவு ஆகியவற்றை அக்குழு தனித்தனியே கணக்கிட்டது. ஒரே பெரிய எண்ணைத் தருவதை வேண்டுமென்றே தவிர்த்தது. பல வகைக் குற்றங்களில், திருடப்படும் தொகையைவிடத் தற்காப்புக்காகச் செலவிடப்படும் தொகை பன்மடங்கு அதிகம் என்பது அதன் கண்டுபிடிப்பு. குற்றவாளிகளைப் பிடிப்பதற்கு இன்னும் கூடுதலாகச் செலவிட வேண்டும் என்பது அதன் பரிந்துரை.

எந்த ஓட்டையை முதலில் அடைப்பது?

அளவீடு அன்றாட முடிவுகளை மாற்றியதற்கு மிகத் தெளிவான உதாரணம், மென்பொருள் ஓட்டைகளை அடைக்கும் பணியில் கிடைக்கிறது.

மென்பொருள்களில் கண்டறியப்படும் குறைபாடுகளுக்கு 1999 முதல் பொதுவான அடையாள எண்கள் வழங்கப்பட்டு வருகின்றன. 2024ஆம் ஆண்டில் மட்டும் இவ்வாறு பதிவானவை 40 ஆயிரத்துக்கும் அதிகம். எந்த நிறுவனத்தாலும் இவை அனைத்தையும் உடனுக்குடன் அடைக்க இயலாது. ஒரு நிறுவனம் தன்னிடம் உள்ள ஓட்டைகளில் மாதத்துக்கு ஏறத்தாழ பத்தில் ஒன்றையே அடைக்கிறது என்றும், நிறுவனம் பெரிதானாலும் சிறிதானாலும் இவ்விகிதம் அதிகம் மாறுவதில்லை என்றும் 2019ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே, எதை முதலில் அடைப்பது என்பதே உண்மையான கேள்வி.

2005 முதல் இதற்குப் பரவலாகப் பயன்பட்டு வருவது சிவிஎஸ்எஸ் என்ற மதிப்பெண் முறை. ஒவ்வொரு குறைபாட்டுக்கும் அதன் தீவிரத்தைப் பொறுத்து பூஜ்ஜியம் முதல் பத்து வரை மதிப்பெண் இடப்படுகிறது. ஏழும் அதற்கு மேலும் பெற்றவற்றை முதலில் அடைக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் விதி வகுத்துக்கொண்டன. இதில் உள்ள சிக்கல், ஒரு குறைபாடு பயன்படுத்தப்பட்டால் விளையும் தீமையை இம்மதிப்பெண் கூறுகிறதே தவிர, அது பயன்படுத்தப்படுமா என்பதைக் கூறுவதில்லை என்பதே. 2009க்கும் 2018க்கும் இடையே வெளியான சுமார் 76 ஆயிரம் குறைபாடுகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் உண்மையான தாக்குதல்களில் பயன்பட்டவை ஏறக்குறைய 5.5 சதவீதமே எனக் கண்டனர்.

இந்த இடைவெளியை நிரப்ப உருவானது இபிஎஸ்எஸ் என்னும் கணிப்பு முறை. 2019ல் முன்வைக்கப்பட்ட இதனை, பாதுகாப்புக் குழுக்களின் சர்வதேச மன்றமான 'ஃபர்ஸ்ட்' நடத்தி வருகிறது. கடந்தகாலத் தாக்குதல் தரவுகளிலிருந்து, அடுத்த 30 நாட்களில் ஒரு குறைபாடு தாக்குதலுக்குப் பயன்படுவதற்கான நிகழ்தகவை இம்முறை நாள்தோறும் கணக்கிடுகிறது. வானிலை அறிக்கை மழைக்கான வாய்ப்பைச் சதவீதத்தில் கூறுவது போன்றது இது.

2023 அக்டோபர் மாதத் தரவுகளைக் கொண்டு அம்மன்றம் இரு முறைகளையும் ஒப்பிட்டது. சுமார் ஒரு லட்சத்து 39 ஆயிரம் குறைபாடுகளில், அடுத்த 30 நாட்களில் தாக்குதலுக்கு உள்ளானவை 4 ஆயிரத்துக்கும் குறைவு. மதிப்பெண் ஏழு என்ற விதியைப் பின்பற்றியவர், ஏறத்தாழ 80 ஆயிரம் குறைபாடுகளை அடைத்து, அபாயமானவற்றில் 82 சதவீதத்தைத் தடுத்திருப்பார். ஆனால் அவர் அடைத்தவற்றில் உண்மையில் தாக்கப்பட்டவை 4 சதவீதம் மட்டுமே. நிகழ்தகவு 10 சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை மட்டும் அடைத்தவர் 4 ஆயிரத்துக்கும் குறைவானவற்றையே அடைத்து, அபாயமானவற்றில் 63 சதவீதத்தைத் தடுத்திருப்பார். அவரது உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உரிய இடத்தில் விழுந்திருக்கும்.

இரண்டாவது முறையே சிறந்தது என்று இதற்குப் பொருளல்ல. 63 என்பது 82ஐவிடக் குறைவு. ஆனால் எவ்வளவு உழைப்புக்கு எவ்வளவு பாதுகாப்பு என்ற பேரம் இங்கு வெளிப்படையாகிவிடுகிறது. ஆட்கள் அதிகம் உள்ள வங்கி ஒரு கோட்டையும், இருவர் மட்டுமே பணிபுரியும் ஊர் மருத்துவமனை இன்னொரு கோட்டையும், விளைவைத் தெரிந்தே வரைந்துகொள்ளலாம். ஏற்கெனவே தாக்குதலுக்குப் பயன்பட்டவை என உறுதிசெய்யப்பட்ட குறைபாடுகளின் பட்டியல் ஒன்றை, அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமையும் 2021 நவம்பர் முதல் வெளியிட்டு வருகிறது.

தவறெனக் காட்டப்பட்ட வழக்கங்கள்

நீண்டகாலம் கேள்வியின்றிப் பின்பற்றப்பட்ட விதிகளையும் அளவீடு ஆட்டங்காணச் செய்துள்ளது. கடவுச்சொல்லைக் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதில் எண்ணும் குறியீடும் இருக்க வேண்டும் என்ற விதிகளைப் பரப்பியதில் அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் தயாரித்த ஆவணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதை எழுதிய பில் பர், மக்கள் உண்மையில் பயன்படுத்தும் கடவுச்சொற்கள் பற்றிய தரவுகள் அப்போது தமக்குக் கிடைக்கவில்லை என்றும், எழுதியவற்றுள் பலவற்றுக்காக இப்போது வருந்துவதாகவும் 2017ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழிடம் கூறினார்.

அத்தரவு 2010ல் கிடைத்தது. வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காலாவதியான 7,700க்கும் மேற்பட்ட கணக்குகளின் பழைய கடவுச்சொற்களை ஆராய்ந்தனர். கட்டாயத்தின் பேரில் மாற்றும்போது பலரும் பழைய சொல்லில் ஓர் எழுத்தையோ எண்ணையோ மட்டுமே மாற்றியிருந்தனர். முந்தைய கடவுச்சொல் தெரிந்திருந்தால், 17 சதவீதக் கணக்குகளின் அடுத்த கடவுச்சொல்லை ஐந்து முயற்சிகளுக்குள் ஊகிக்க முடிந்தது. 2017ல் அதே தர நிர்ணய நிறுவனம், களவுபோனதற்கான அறிகுறி இல்லாதபோது கடவுச்சொல்லை மாற்றுமாறு வற்புறுத்த வேண்டாம் என்று வழிகாட்டுதலைத் திருத்தியது.

போலி மின்னஞ்சல்களை அடையாளம் காண ஊழியர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சியும் அண்மையில் இதே சோதனைக்கு உள்ளானது. கலிஃபோர்னியாவின் சான் டியேகோ மருத்துவ அமைப்பில் 19,500 ஊழியர்களிடம் எட்டு மாதங்கள் நடத்தப்பட்டு 2025ல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்றவர்கள் ஏமாறும் விகிதம் பெறாதவர்களைவிட 1.7 சதவீதமே குறைவாக இருந்தது. இதற்கு மாறாக, உள்நுழையும்போது கைபேசிக்கு ஒரு குறியீட்டை அனுப்பிச் சரிபார்க்கும் எளிய ஏற்பாடு, பெருமளவில் அனுப்பப்படும் மோசடி மின்னஞ்சல்கள் வழியிலான கணக்குத் திருட்டில் 96 சதவீதத்தைத் தடுத்ததாக கூகுள் 2019ல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. பணம் எங்கு செல்ல வேண்டும் என்பதற்கு இந்த இரண்டு எண்களும் ஒரு விடையைத் தருகின்றன.

ஆயிரத்தில் ஒரு மணி

ஊடுருவலைக் கண்டறியும் கருவிகளை வாங்குவோர் பலரும் தவறவிடும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு நிறுவனத்தின் வலையமைப்பில் நாளொன்றுக்கு 10 லட்சம் நிகழ்வுகள் பதிவாவதாகவும், அவற்றில் 10 மட்டுமே உண்மையான தாக்குதல்கள் என்றும் வைத்துக்கொள்வோம். கருவி நூற்றுக்கு 99 முறை சரியாகத் தீர்ப்பளிக்கிறது. கேட்பதற்கு இது மிகச் சிறந்த கருவி. ஆனால் மீதமுள்ள நிகழ்வுகளில் ஒரு சதவீதம், அதாவது சுமார் 10 ஆயிரம், தவறான எச்சரிக்கைகளாக ஒலிக்கும். ஒலிக்கும் ஆயிரம் மணிகளில் ஒன்றுதான் உண்மை. தவறான எச்சரிக்கை பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைந்தால், நாளொன்றுக்குச் சுமார் 110 எச்சரிக்கைகளே வரும். பதினொன்றில் ஒன்று உண்மையாக இருக்கும்.

ஸ்வீடன் ஆய்வாளர் ஸ்டெஃபான் ஆக்செல்சன் 1999ஆம் ஆண்டிலேயே இச்சிக்கலை எடுத்துக்காட்டினார். 2013ல் அமெரிக்காவின் டார்கெட் அங்காடி நிறுவனத்திலிருந்து சுமார் 4 கோடி கடன் அட்டை மற்றும் பற்று அட்டை விவரங்கள் களவுபோனபோது, கண்காணிப்புக் கருவிகள் எச்சரித்திருந்தும் அவற்றின் மீது நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்பது பின்னர் தெரியவந்தது.

எவ்வளவு செலவிடுவது, யார் செலவிடுவது

பல நிறுவனங்களில் அபாயங்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை என வண்ணமிட்ட கட்டங்களில் காட்டப்படுகின்றன. இத்தகைய அட்டவணைகள் சில வேளைகளில் பெரிய அபாயத்தைச் சிறியதாகவும் சிறியதைப் பெரியதாகவும் காட்டக்கூடியவை என்று லூயி அந்தோனி காக்ஸ் 2008ல் கணித முறையில் நிறுவினார். 'இந்த ஆண்டில் இது நிகழ 5 முதல் 10 சதவீத வாய்ப்பு உண்டு. நிகழ்ந்தால் இழப்பு இத்தொகைக்கும் அத்தொகைக்கும் இடையில் இருக்கும்' என்று வரம்புகளுடன் கூறுவது மேல் என்பது புள்ளிவிவர அணுகுமுறையை ஆதரிப்போரின் வாதம். அவ்வாறு கூறினால், ஆண்டு முடிவில் கணிப்பு சரியா என்று சோதிக்கலாம். சிவப்பு நிறத்தைச் சோதிக்க முடியாது.

மேரிலண்ட் பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் கார்டன், மார்ட்டின் லோப் ஆகியோர் 2002ல் உருவாக்கிய பொருளாதார மாதிரி, தாங்கள் எடுத்துக்கொண்ட சூழல்களில், எதிர்பார்க்கும் இழப்பில் 37 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்புக்குச் செலவிடுவது இலாபகரமல்ல என்று காட்டியது. ஆனால் இந்த எதிர்பார்க்கும் இழப்பைக் கணக்கிடுவது எளிதல்ல. பெரும்பாலான தரவு மீறல்கள் சிறியவை; மிகச் சில, 2017ல் 14 கோடிக்கும் அதிகமான அமெரிக்கர்களைப் பாதித்த ஈக்விஃபாக்ஸ் சம்பவத்தைப் போல், மாபெரும் அளவிலானவை. இப்படிப்பட்ட தரவில் சராசரி என்ற எண் ஒரே சம்பவத்தால் தலைகீழாகிவிடும்.

செலவை முடிவு செய்பவரே இழப்பையும் தாங்குகிறாரா என்பது மற்றொரு கேள்வி. ராஸ் ஆண்டர்சன் 2001ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதற்கு வங்கிகளை உதாரணம் காட்டியது. ஏடிஎம் மோசடி நடந்தால், வாடிக்கையாளர் பொய் சொல்கிறார் என்று நிரூபிக்கும் பொறுப்பு அமெரிக்காவில் வங்கிக்கு இருந்தது. பிரிட்டனில், தமது கணினிகள் பிழை செய்வதில்லை என்று வங்கிகள் கூறிவிட, சுமை வாடிக்கையாளர் தலையில் விழுந்தது. விளைவாக, பிரிட்டிஷ் வங்கிகள் பாதுகாப்புக்குச் செலவிட்டும் கவனக்குறைவாயின; அங்கு மோசடி அதிகரித்தது.

அளவீட்டின் எல்லைகள்

இந்த அணுகுமுறைக்கு வலுவான எதிர்வாதங்களும் உள்ளன. புயலும் வெள்ளமும் மனிதரின் தற்காப்பைப் பார்த்துத் தம் வழியை மாற்றிக்கொள்வதில்லை; தாக்குபவர் மாற்றிக்கொள்வார். நேற்றைய தரவு நாளைய தாக்குதலை முழுமையாகக் காட்டாது. அறிவிக்கப்படும் சம்பவங்கள் பெருகுவது, தாக்குதல்கள் பெருகியதால் இருக்கலாம். சட்டம் கடுமையானதால் இருக்கலாம். கண்டறியும் திறன் வளர்ந்ததால் இருக்கலாம். மேலும், ஓர் எண் இலக்காக்கப்பட்டவுடன், ஊழியர்கள் பாதுகாப்பை விட்டுவிட்டு அந்த எண்ணைத் துரத்தத் தொடங்குவதும் உண்டு.

தரவுகள் திரட்டும் அமைப்புகளும் நிலையானவை அல்ல. விமான விபத்து விசாரணை முறையை முன்மாதிரியாகக் கொண்டு, பெரிய ஊடுருவல்களை விசாரித்துப் பாடங்களை வெளியிடுவதற்காக 2022ல் அமெரிக்க அரசு அமைத்த மீளாய்வு வாரியத்தின் உறுப்பினர்கள் 2025 ஜனவரியில் நீக்கப்பட்டனர். அப்போது அவ்வாரியம் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் நடந்த ஊடுருவல் குறித்து விசாரித்து வந்தது.

எனினும், அளவீட்டை மறுப்பவர்களும் ஏதோ ஒரு கணிப்பின் பேரில்தான் முடிவெடுக்கின்றனர் என்பதை மறந்துவிட முடியாது. ஒரு மருத்துவமனை தன் கணினிகளுக்கான திருத்தத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கும்போது, அதற்குள் ஒன்றும் நேராது என்று கணிக்கிறது. அந்தக் கணிப்பு எழுதிவைக்கப்பட்டு, எண்ணாக்கப்பட்டு, பின்னர் சரிபார்க்கப்படுகிறதா என்பதே வேறுபாடு. 2017 மே மாதத்தில் அறுவைச் சிகிச்சைக்கு வந்து திரும்பிச் சென்ற நோயாளிகள், எவரும் சரிபார்க்காத அத்தகைய ஒரு கணிப்புக்கு விலை கொடுத்தவர்களே.